கொரிய அரச கல்யாண உடைகள்: கேட்டதற்கெல்லாம் இங்கேயே பதில்

போன வாரம் ஹ்வாரோட் என்ற கொரியக் கல்யாண அங்கியின் படம் ஒன்று போட்டதிலிருந்து தனிச்செய்தி கொட்டுகிறது. தனித்தனியாக எழுதக் கை வலிக்கிறது, அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கே.

சீரியல் பைத்தியம்: அக்கா, ஒரு சீரியலில் ராணி சிவப்பில் வருகிறாள், இன்னொன்றில் கருநீலம். எது சரி?

இரண்டும் சரி, காலம்தான் வேறு. அந்த அங்கிக்கு ஜொகுய் என்று பெயர். கொரியாவை ஆண்ட ஜோசொன் அரசு முதலில் ராணி உடையைச் சீனாவின் மிங் அரசிடமிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தது. 1644-இல் மிங் விழுந்ததும் கொரியர்கள் தங்கள் போக்கில் தைக்க ஆரம்பித்தார்கள்: ராணிக்குச் சிவப்பு, ராஜமாதாவுக்கு ஊதா, பட்டத்து இளவரசனின் மனைவிக்குக் கறுப்பு. 1897-இல் கொஜொங் மன்னர் தன்னைப் பேரரசர் என்று அறிவித்த பிறகுதான் அந்தக் கருநீலம் வருகிறது. பேரரசிக்கு அங்கி முழுக்க 12 வரிசையில் ஃபெசன்ட் பறவைகள் (நீளவால் காட்டுக்கோழி மாதிரி), பட்டத்து இளவரசன் மனைவிக்கு 9 வரிசை. 18-ஆம் நூற்றாண்டுக் கதையில் 12 வரிசைக் கருநீலம் வந்தால் உடையலங்காரக்காரர் தூங்கிவிட்டார் என்று அர்த்தம்.

9 வரிசை அங்கி ஒன்று சியோல் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடைசிப் பட்டத்து இளவரசர் இ உன் மனைவி, ஜப்பானில் பிறந்த இ பாங்ஜா, 1922-இல் அணிந்தது. கல்யாணம் 1920-இலேயே தோக்கியோவில் முடிந்துவிட்டது, இது இரண்டு வருஷம் கழித்துச் சியோலுக்கு வந்து புகுந்த வீட்டாரை வணங்கும் சடங்குக்குப் போட்டது. பறவைகளை எம்பிராய்டரி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் ஊசியே படவில்லை, தறியிலேயே ஜோடி ஜோடியாக நெய்திருக்கிறார்கள். கூட்டி வந்த கைக்குழந்தை அதே பயணத்தில் சியோலில் இறந்துபோனது. அங்கியும் பல காலம் ஜப்பானில் கிடந்து 1991-இல்தான் திரும்பி வந்தது.

ஊசிநூல்: ஹ்வாரோட் ராணி உடையா? உள்ளே என்ன வைத்துத் தைக்கிறார்கள், அவ்வளவு விறைப்பாக நிற்கிறதே?

ராணியுடையது இல்லை, இளவரசிகளின் கல்யாண உடை. சிவப்புப் பட்டில் தாமரை, பியோனி, ஃபீனிக்ஸ் என்று நெருக்கமாக எம்பிராய்டரி. சுன்ஜோ மன்னரின் மகள் பொகோன் 1830-இல் கல்யாணத்துக்கு அணிந்தது இன்றும் இருக்கிறது.

விறைப்புக்குக் காரணம் காகிதம். வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே கொரியக் காகிதம் வைப்பார்கள். இப்படி ஒரு அரண்மனை ஹ்வாரோட்டைப் பழுதுபார்க்கப் பிரித்தபோது உள்ளே இருந்தது என்ன தெரியுமா? அரசுத் தேர்வில் தோற்றவர்களின் விடைத்தாள்! நல்ல காகிதம் விலை அதிகம், வீணாக்க மனம் வரவில்லை. யாரோ பெயிலான தாளைச் சுமந்துகொண்டு இளவரசி மணமேடைக்குப் போயிருக்கிறாள்.

சாதாரண மக்களும் கல்யாண நாள் ஒன்றுக்கு மட்டும் இதை அணியலாம் என்று அனுமதி இருந்தது. சொந்தமாகத் தைக்க யாரால் முடியும்? ஊருக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மாறி மாறி இரவல் வாங்கினார்கள். கழுத்துப்பட்டி அழுக்கானால் மேலே வெள்ளைக் காகிதத்தை ஒட்டி அடுத்த பெண்ணுக்கு. பிடிஎஸ் (கொரியப் பாப் பாட்டுக் குழு) ரசிகைகளுக்கு ஒரு செய்தி: லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி அருங்காட்சியகத்தின் ஹ்வாரோட்டைப் புதுப்பித்தது அந்தக் குழுவின் ஆர்எம் கொடுத்த நன்கொடையில்தான்.

கொண்டை ராணி: சீரியலில் பெண்கள் தலையில் வரும் அந்தப் பெரிய தலைக்கட்டு எவ்வளவு கனம் அக்கா? கழுத்து வலிக்காதா?

வலியா, உயிரே போனதாகக் கதை உண்டு. அந்தச் சவுரிக்கு காசே என்று பெயர். பணக்கார வீட்டு மருமகள், பதின்மூன்று வயசு, மாமனார் அறைக்குள் வந்ததும் சட்டென்று எழுந்தாள், தலைக்கட்டின் கனத்தில் கழுத்து முறிந்துவிட்டது என்று அந்தக் காலத்து அறிஞர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். இதை வாங்கக் குடும்பங்கள் கடனில் மூழ்கின. 1756-இல் யொங்ஜோ மன்னர் தடை போட்டு, ஜொக்துரி என்ற சின்னக் கறுப்புத் தொப்பியை வைத்துக்கொள்ளச் சொன்னார். யார் கேட்டார்கள்? 1788-இல் பேரன் ஜொங்ஜோ மறுபடி தடை போட வேண்டியிருந்தது. இன்றைக்கும் மணப்பெண் தலையில் இருப்பது அந்த ஜொக்துரிதான். வேடிக்கை என்னவென்றால், அதிலும் பிறகு மணிகளைக் கோத்து விலையை ஏற்றிவிட்டார்கள்.

ராணி ஜொகுய்யோடு வைப்பது தேசு. முக்கோணமாக விரிந்து இரண்டு பக்கமும் தோளை நோக்கி இறங்கும். அதில் குத்தும் தொல்ஜாம்தான் எனக்கு உயிர்: ஜேட் தட்டின் மேல் மெல்லிய கம்பிச் சுருள்களில் பூச்சியும் பூவும். நடந்தால் நடுங்கும். அசையாமல் நடக்கப் பழக்கப்பட்ட பெண்ணின் தலையில் அது ஒன்றுதான் ஆடும்.

தம்பி 07: மாப்பிள்ளைக்கு ஒன்றும் கிடையாதா?

உண்டு தம்பி. ராஜாவுக்கு 9 சின்னங்கள் கொண்ட கறுப்பு மேலங்கி. தலையில் தட்டையான பலகை வைத்த கிரீடம், முன்னும் பின்னும் 9 மணிச்சரம் தொங்கும். பட்டத்து இளவரசனுக்கு 8 சரம், பேரரசருக்கு 12. எண்ணத் தெரிந்தால் ஆள் யாரென்று சொல்லிவிடலாம்.

ஆதாரம் எங்கே: இதெல்லாம் எப்படித் தெரியும்?

உய்க்வே என்று அரச சடங்குப் பதிவேடுகள். யார் என்ன உடுத்தினார்கள், எத்தனை முழம் துணி, எல்லாம் எழுதிப் படமும் வரைந்துவிடுவார்கள். 1759-இல் 66 வயசு யொங்ஜோ 15 வயசுப் பெண்ணைக் கட்டிய ஊர்வலம் முழுசாக இருக்கிறது (ஆமாம், 66). 1866-இல் பிரெஞ்சுப் படை கங்ஹ்வா தீவிலிருந்து அள்ளிக்கொண்டு போனவற்றில் 297 தொகுதிகள் 2011-இல் கொரியாவுக்கு வந்தன, அதுவும் இரவல் என்ற பெயரில்.

குமரிக்கண்டன்: கொரியாவின் முதல் ராணி தமிழச்சியாமே, அவள் கல்யாண உடை?

வருவீர்கள் என்று தெரியும். அந்த ராணி ஹொ ஹ்வாங்-ஒக் கதை 13-ஆம் நூற்றாண்டில் தொகுத்த சம்குக் யூசா என்ற கொரியப் பழங்கதை நூலில் இருக்கிறது. கி.பி. 48-இல் ‘அயுத’ நாட்டிலிருந்து வந்தாளாம். அயோத்தி என்பவர்களும் உண்டு, குமரிப் பக்கத்து ஆய் நாடு என்பவர்களும் உண்டு, இரண்டுக்கும் உறுதியான சான்று இல்லை. உடை பற்றி ஒரு நல்ல வரி மட்டும் உண்டு: கரை இறங்கியதும் தன் பட்டுக் கால்சட்டையைக் கழற்றி மலைத் தெய்வத்துக்குக் காணிக்கை வைத்தாள். சேலை இல்லை, மன்னிக்கவும்.

பயணி: ஏப்ரலில் சியோல் போகிறேன். என்ன பார்க்கலாம்?

உன்ஹ்யொன்குங் மாளிகையில் 1866-இல் நடந்த கொஜொங் கல்யாணத்தை நடித்துக் காட்டுவார்கள், தேதியை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கியொங்போக்குங் அரண்மனைக்கு ஹன்போக் (கொரியப் பாரம்பரிய உடை) உடுத்திப் போனால் நுழைவுச்சீட்டு இலவசம். வாடகைக் கடையில் ‘ராஜா உடை’ என்று தங்க டிராகன் போட்ட சிவப்பு அங்கியை நீட்டுவார்கள். தாராளமாகப் போட்டுப் படம் எடுங்கள், ஆனால் கல்யாண உடை என்று தலைப்புப் போடாதீர்கள், அது ராஜா ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போனது.