பெயர், வேலை, படிப்பு எதுவும் சொல்லாமல், பொழுதுபோக்கு, ரசனை, கருத்து இவற்றை மட்டும் வைத்து உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள முடியுமா?

தாராளமாக. பினாங்குத் தீவில் இருக்கிறேன். பழைய காசு சேர்ப்பேன், கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) நடந்தே ஏறுவேன், தேநீர் விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதம். மூன்றிலும் ஒரே குணம்தான்: தேய்த்துப் பளபளப்பாக்கிய எதுவும் எனக்கு ஒத்துவராது. காசைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன், மற்றதெல்லாம் கொசுறு.

உலகத்துக் காசையெல்லாம் சேர்ப்பதில்லை. 1903-இல் வந்த ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி) வெள்ளி டாலரில் தொடங்கி, 1967 ஜூனில் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா தன் சொந்தப் பணத்தை வெளியிட்டதோடு நிறுத்திக்கொள்கிறேன். இடையில் மலாயா காசு, ஜப்பான்காரன் காலத்து வாழைமரப் பணத்தாள், மலாயா - பிரிட்டிஷ் போர்னியோ காசு, அவ்வளவுதான். எல்லை போடாமல் சேர்த்தால் நாலு டப்பா நிறையும், ஒன்றுகூட முழுமையாகாது.

புதிதாகத் தொடங்க நினைப்பவருக்குச் சதுரமான ஒரு காசு (1 சென்ட்) நாணயத்தைத்தான் காட்டுவேன். முனை மழுங்கிய அந்தச் சதுரம் 1919-இல் ஐந்தாம் ஜார்ஜ் தலையோடு வந்தது, 1939 முதல் ஆறாம் ஜார்ஜ், 1956 முதல் எலிசபெத், கடைசி ஆண்டு 1961. 1962-இல் ஒரு காசு நாணயம் வட்டமாகிவிட்டது. பெரும்பாலான ஆண்டுகள் சில ரிங்கிட்டுக்கே கிடைக்கும். மூன்று தலைகளையும் வரிசையாக அடுக்கினாலே கண்ணுக்கு நிறைவாக இருக்கும்.

மலாயாவின் 5, 10, 20 காசுகளில் வெள்ளி இருக்கிறதா என்று கேட்பவர்கள் அதிகம். ஆண்டைப் பார்த்தாலே போதும். 1939 முதல் 1941 வரை அடித்தவற்றில் வெள்ளி ஆயிரத்துக்கு 750 பங்கு. 1943, 1945 என்றிருந்தால் 500 பங்கு. 1948-இலிருந்து வெள்ளியே கிடையாது, செம்பும் நிக்கலும் கலந்த உலோகம்தான். அதை “வெள்ளிக்காசு” என்று சொல்லி விற்பவரிடம் வாக்குவாதம் வேண்டாம், நகர்ந்துவிடுங்கள்.

இனி என்னுடைய முதல் கருத்து, இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். காசைக் கழுவாதீர்கள். நம் வீடுகளில் குத்துவிளக்கைத் துலக்குகிற கையோடு பாட்டியின் காசையும் புளி போட்டுத் தேய்த்து, விபூதியால் ஒரு மெருகும் கொடுத்துவிடுகிறார்கள். புளியின் அமிலம் மேலே இருக்கும் பழுப்பு நிறத்தை மட்டும் எடுக்காது, அடியிலிருக்கும் உலோகத்தையும் மெல்லிதாக அரிக்கும். அச்சு அடிக்கும்போது உலோகம் நெருக்கப்பட்டுப் பரவிய நுண்கோடுகள்தான் காசைச் சாய்க்கும்போது ஒளியைச் சுழலவைக்கும். அந்தக் கோடுகள் போய்விட்டால் திரும்ப வராது. தேய்த்த செம்புக்காசு இளஞ்சிவப்பாகி, சில வாரங்களில் திட்டுத்திட்டாகக் கறுக்கும். கடைக்காரர் பூதக்கண்ணாடிகூட எடுக்கமாட்டார், தூரத்திலிருந்தே விலையைக் குறைத்துவிடுவார்.

கழுவக்கூடாது என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. மெத்தென்ற வினைல் ஆல்பத்தில் பல வருடம் கிடந்த காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுவென்று ஒரு படலம் இருக்கும். அது களிம்பு அல்ல. பிவிசி பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் கசிந்து காசில் ஒட்டியது. விட்டுவைத்தால் உலோகத்தைத் தின்னும். இதற்குச் சுத்தமான அசிட்டோன் வேண்டும். நகப்பூச்சு அழிக்கும் திரவம் ஆகாது, அதில் நிறமும் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் காசு மூழ்கும் அளவு ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். இரண்டாவது கிண்ணத்தில் புது அசிட்டோன் ஊற்றி ஒருமுறை அலசி, பருத்தித் துணிமேல் கிடத்தி ஆறவிடுங்கள். ஒற்றக்கூட வேண்டாம், தானாகக் காய்ந்துவிடும். சன்னல் திறந்திருக்கட்டும். அடுப்பு, சாமி விளக்கு, கொசுவர்த்தி எதுவும் பக்கத்தில் எரியக்கூடாது. அதன் ஆவி சட்டென்று பற்றிக்கொள்ளும்.

உண்மையான களிம்பு வேறு மாதிரி. வெளிர்ப்பச்சைத் தூளாக, குத்தினாற்போல் புள்ளிபுள்ளியாக வரும், துடைத்தாலும் மறுபடி முளைக்கும். கடல்காற்றின் உப்பும் ஈரமும் செம்பைப் பிடித்தால் இப்படி ஆகும். அந்தக் காசை முதலில் மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள். காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, நீரை நாளுக்கொருமுறை மாற்றி, உப்பு வெளியேறும்வரை பொறுமையாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் இருக்கும் குளோரின் காரியத்தைக் கெடுக்கும்.

பினாங்கில் காசு சேர்ப்பவரின் நிரந்தரப் பகை ஈரப்பதம். காற்றோட்டமான வீட்டில் அது பெரும்பாலும் 70 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காது. செம்புக்கும் வெள்ளிக்கும் 40 முதல் 45 இருந்தால் நல்லது. விலை உயர்ந்த உலர்பெட்டி கட்டாயமில்லை. ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் 5 லிட்டர் சாப்பாட்டு டப்பா, 200 கிராம் சிலிக்கா ஜெல், விரலளவு ஈரமானி, இவை போதும். ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள், ஈரம் குடித்தால் பச்சையாகும். நீலமாக இருந்து இளஞ்சிவப்பாகும் வகையில் கோபால்ட் உப்பு இருப்பதால் வீட்டில் வேண்டாம். நிறம் மாறியதும் தட்டில் பரப்பி, அடுப்புப் பெட்டியில் (ஓவன்) 120 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி வேலை செய்யும். சிலிக்காவுக்குப் பதில் அரிசி போட்டுவைக்கலாம் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. அரிசிக்கு வண்டுதான் வரும்.

டப்பாவுக்குள் காசை எதில் வைப்பது? நடுவில் தெளிந்த மைலார் பிளாஸ்டிக் சன்னல் கொண்ட அட்டைச் சட்டம் மலிவு, நம்பலாம். ஸ்டேப்ளர் ஊசி அடித்தபின் அதன் முனைகளைக் குறட்டால் தட்டையாக்குங்கள், இல்லையென்றால் அடுத்த காசின் முகத்தில் கீறும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், அதிலிருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். ஒட்டுப்பலகை அலமாரியும் வேண்டாம், அதன் பசை அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும்.

போலிக்கு வருகிறேன். அதிகம் ஏமாறுவது 1903, 1904 ஆண்டு போட்ட ஏழாம் எட்வர்ட் வெள்ளி டாலரில். அசலின் எடை 26.95 கிராம், வெள்ளி ஆயிரத்துக்கு 900 பங்கு. 1907-இல் எடையை 20.21 கிராமாகக் குறைத்தார்கள். வெள்ளி விலை ஏறி, காசின் உலோகமே முகமதிப்பைத் தாண்டியதால் உருக்கி விற்கும் ஆபத்து வந்திருந்தது. அதனால் “1903” என்று எழுதி 20 கிராம் காட்டினால் அங்கேயே கதை முடிந்தது. காந்தம் ஒட்டினாலும் முடிந்தது. ஒட்டாத போலிகளும் உண்டு, எடையையும் சரியாக வார்த்திருப்பார்கள். அதற்குத் தண்ணீர்ச் சோதனை செய்யலாம்.

கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சிறு தராசின்மேல் பாதி நீர் நிறைந்த குவளையை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, அடியிலோ பக்கத்திலோ தொடாமல் தொங்கவிடுங்கள். அசல் 1903 டாலர் என்றால் தராசு 2.6 கிராம் அருகே காட்டும். அதே எடையில் செம்பு-நிக்கல் என்றால் 3 கிராமைத் தொடும், பித்தளை இன்னும் கூடும். காசில் ஒட்டிய காற்றுக் குமிழியை ஒருமுறை தட்டி விட்டுவிட்டுப் பாருங்கள், குமிழி கணக்கைக் குழப்பும். நல்ல காசைத் தண்ணீரிலிருந்து எடுத்ததும் ஒற்றி உலர்த்துங்கள், தேய்க்காதீர்கள்.

வாழைமரத் தாளைப் பற்றிப் பலருக்குப் பெரிய கனவு இருக்கிறது. ஜப்பானியர் 1942 முதல் 1945 வரை அள்ளி அச்சடித்த தாள் அது. 10 டாலரில் வாழை இருந்ததால் அந்தப் பெயர் வந்தது. தொடக்கத்தில் வந்த சிலவற்றில் வரிசை எண் இருக்கும், அவற்றுக்கு மதிப்பு உண்டு. வெறும் எழுத்து மட்டும் போட்டவை கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றன. “தாத்தா விட்டுப்போன சொத்து” என்று நினைத்துப் பெட்டகத்தில் பூட்டி வைக்கவேண்டியதில்லை.

இன்னொரு கருத்து, சேகரிப்பாளர்கள் கோபப்படலாம். தாலிக்கொடியிலோ காசுமாலையிலோ கோக்க வளையம் பற்றவைத்த டாலர், துளையிட்ட இருபது காசு இவற்றைக் கடைக்காரர்கள் உருக்கு வெள்ளி விலைக்குத்தான் எடுப்பார்கள். சந்தைக் கணக்குக்கு அது சரி. எனக்கு அவையே பிடிக்கும். கழுத்தில் பட்டு ஒரு பக்கம் மட்டும் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கும், பற்றவைத்தவரின் ஊதுகுழல் சூட்டில் எட்வர்டின் தாடிமேல் ஒரு நிழல் விழுந்திருக்கும். பிளாஸ்டிக் பேழையில் மதிப்பெண் போட்டு மூடிய காசை விட இதை நெடுநேரம் பார்க்கலாம். வளையத்தைக் கழற்றிச் “சரிசெய்து” தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள், பற்றவைத்த தழும்பு போகாது.

எங்கே தேடுவது? பினாங்கில் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தை, சிட்டி ஸ்டேடியம் பக்கத்தில், காலையில் போக வேண்டும். வெயில் ஏறும் முன்னே நல்லதெல்லாம் கைமாறிவிடும். கோலாலம்பூர் பக்கம் என்றால் பெட்டாலிங் ஜெயாவின் அம்கோர்ப் மால் வார இறுதிச் சந்தை. பையில் கைவிளக்கும் தராசும் காந்தமும் இருக்கட்டும். முதலில் சொன்ன விலையில் வாங்காதீர்கள், அதற்காகப் பாதி விலை கேட்டு மூஞ்சியைத் தூக்கவைக்கவும் வேண்டாம்.

மலையைப் பற்றிச் சுருக்கமாக. கொடிமலை ரயில் 1923-இல் ஓடத் தொடங்கியது. அப்போது நடுவழியில் வண்டி மாற வேண்டியிருந்தது, 2011-க்குப் பிறகு நேராக உச்சிக்குப் போகிறது. நடப்பவர்கள் தாவரவியல் பூங்கா வாசலருகே தொடங்கும் ஜீப் பாதையைப் பிடிக்கலாம், ஏறக்குறைய 5 கிலோமீட்டர். தார் போட்ட பாதைதானே என்று நினைத்தால் கெண்டைக்கால் பதில் சொல்லும், சரிவு அவ்வளவு செங்குத்து. நிலா வாசல் (மூன் கேட்) வழியாகப் போனால் மண்ணும் வேரும் படிக்கட்டும் கலந்த காட்டுப்பாதை. நம் ஊரில் ஏழு மணிக்குப் பிறகுதான் நன்றாக விடியும். ஆறரைக்கே கிளம்புபவர்கள் தலைவிளக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீர், பாசி படிந்த தாரில் வழுக்காத ரப்பர் அடிப்பாகம், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. பிளாஸ்டிக் பை சரசரத்தால் குரங்கு சோறு என்று முடிவு செய்துவிடும், உணவை முதுகுப் பைக்குள் வையுங்கள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட லோத்தோங் குரங்கு மட்டும் உங்களைக் கண்டுகொள்ளாது, மேலே இலை தின்றுகொண்டிருக்கும். இறங்க ரயில் பிடிப்பதில் வெட்கமில்லை. முட்டி கெடுவது ஏறும்போது அல்ல, இறங்கும்போதுதான்.

தேநீர். வெளியே போனால் தே ஓ கோசோங், சர்க்கரையும் இல்லை, பாலும் இல்லை. வீட்டில் விருந்தாளிக்குத் தே தாரேக் (ஆற்றி நுரைக்கவைத்த பால் தேநீர்) போடுவேன். அரை லிட்டர் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, மூன்று குவித்த தேக்கரண்டி தூள்தேயிலை போட்டு நான்கு நிமிடம் மூடிவைக்க வேண்டும். தூளைப் போட்டபின் கொதிக்கவிட்டால் கசப்பும் துவர்ப்பும் ஏறும், அதை மறைக்கப் பாலைக் கூட்டுவோம், பிறகு அது தேநீராக இருக்காது. துணி வடிகட்டியில் வடித்து, கிளாசுக்கு இரண்டு மேசைக்கரண்டி இனிப்பூட்டிய கெட்டிப் பால். அதிலேயே இருபது கிராமுக்கு மேல் சர்க்கரை வந்துவிடுகிறது, தனியாகச் சேர்க்காதீர்கள். இரண்டு வாயகன்ற குவளைகளில் ஐந்தாறு முறை ஆற்றினால் நுரை நிற்கும். நுரை வரவில்லை என்றால் கையைக் குறைசொல்ல வேண்டாம், டிகாஷன் நீர்த்துப்போயிருக்கும்.

நாசி கண்டாரில் (சோற்றில் பலவகைக் குழம்பு ஊற்றித் தரும் பினாங்குச் சாப்பாடு) எல்லாக் குழம்பையும் கலந்து வெள்ளமாக ஊற்றச் சொல்வதுதான் இங்கே வழக்கம். நான் மீன் குழம்பும் கோழிக் குழம்பும் மட்டும் கேட்பேன், வெண்டைக்காய் ஒன்று. ஐந்து குழம்பு சேர்ந்தால் எல்லாக் கடையும் ஒரே ருசிதான்.

தைப்பூசத்தில் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வருவோருக்கு ஒரு சொல்: ரதம் போகும் பாதையில் செருப்பு அணிந்து போகிறவர்கள் தடித்த அடிப்பாகம் உள்ளதைப் போடுங்கள். சிதறிய தேங்காய் ஓடு மெல்லிய ரப்பரைக் கிழிக்கும், இளநீர் பட்ட தார் வழுக்கும். ஒருவர் பேருக்கு நூற்றுக்கணக்கில் உடைப்பது எனக்கு உடன்பாடில்லை, ஒன்று போதும்.

காசைப் பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள் எடையைக் கிராமில், விட்டத்தை மில்லிமீட்டரில் எழுதுங்கள். இரு பக்கப் படமும் வேண்டும். சன்னலோரப் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி எடுங்கள். விளிம்பையும் ஒரு படம். படம் எடுக்கும் முன் துடைக்காதீர்கள்.