பெடரல் நீதிபதி ஆக ஆசை: கிளர்க் பணியா, நிறுவன வேலையா?

ஐயா, மகள் அமெரிக்காவில் சட்டம் முடிக்கிறாங்க, பெடரல் நீதிபதி (மத்திய அரசு நீதிமன்றத்து நீதிபதி) ஆகணும்னு ஆசை, நல்ல சம்பளத்தில் சட்ட நிறுவன வேலையும் ஒரு வருட லா கிளர்க் பணியும் கையில இருக்குன்னு எழுதியிருக்கீங்க. நம்ம ஊர் மாதிரி தேர்வு உண்டான்னும் கேட்டிருக்கீங்க.

தேர்வெல்லாம் கிடையாது. வயசு, பட்டம்னு அரசியல் சாசனத்தில் ஒரு தகுதிகூட எழுதல. அதிபர் நியமிக்கணும், செனட் (நாடாளுமன்ற மேலவை) ஒப்புதல் தரணும். அப்புறம் ஆயுள் முழுக்கப் பதவி. அதாவது பாதி திறமை, பாதி அரசியல்.

என்னைக் கேட்டா கிளர்க் பணியை விடவே கூடாது. நீதிபதியோட அறையில உட்கார்ந்து வழக்கை அலசி, தீர்ப்புக்கு வரைவு எழுதுற வேலை. முடிச்சுட்டு வர்றவங்களுக்குப் பெரிய நிறுவனங்கள் போனஸ் கொடுத்தே எடுத்துக்குறாங்க, அதனால பண நஷ்டம்னு பயப்படாதீங்க. திருநெல்வேலிப் பக்கத்து வம்சாவளி ஸ்ரீ சீனிவாசனையே பாருங்க: அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஓகானரிடம் கிளர்க், பிறகு சட்ட நிறுவனம், உச்ச நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடுற சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகம், 2013ல் செனட்டில் 97-0 வாக்கில் ஒப்புதலாகி வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி.

செனட் தயவு வேண்டாம்னா, பெடரல் மாவட்ட நீதிமன்றத்தில் மாவட்ட நீதிபதிகளுக்கு உதவியா வழக்குகளைப் பார்க்கிற மாஜிஸ்திரேட் நீதிபதி பதவி இருக்கு. காலியிடத்தை அறிவிப்பாங்க, நாமளே விண்ணப்பிக்கலாம். வழக்கறிஞரா குறைஞ்சது 5 வருஷம் இருந்திருக்கணும். நியமிக்கிறது அந்த நீதிமன்றத்தோட மாவட்ட நீதிபதிகள்தான், பதவிக்காலம் 8 வருஷம்.

இன்னொண்ணு, நியமனம் வரும்போது உங்க மகள் எழுதினது பேசினது எல்லாத்தையும் செனட் குழு கேட்கும். கட்டுரை, மேடைப்பேச்சு எல்லாத்துக்கும் இப்பவே ஒரு கோப்பு போட்டு வைக்கச் சொல்லுங்க.