நட்டிங்கின் கணக்கை நீங்கள் ஏன் எழுதுகிறீர்கள்?

அன்புள்ள ஐயா,

பல ஆண்டுகளாக பிட்ஸ்பர்க்கில் வசிக்கிறேன். நீங்கள் இந்த ஊருக்கு வந்துபோனதைப் பற்றி எழுதியிருந்தீர்கள், அந்த உரிமையில் எழுதுகிறேன். நான் பைரேட்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகன். 2025 சீசனில் 71 வெற்றி, 91 தோல்வி. இந்தக் குளிர்காலத்தில் பிலடெல்பியா அணியின் அதிரடி மட்டையாளர் கைல் ஷ்வார்பருக்கு நான்கு ஆண்டுக்கு 125 மில்லியன் டாலர் தர அணி முன்வந்ததாகச் செய்தி வந்தபோது தூக்கம் வரவில்லை. அவர் ஐந்து ஆண்டுக்கு 150 மில்லியன் பெற்றுக்கொண்டு பிலடெல்பியாவிலேயே தங்கிவிட்டார். ரயன் ஓ'ஹெர்ன் என்ற மட்டையாளரை இரண்டு ஆண்டுக்கு 29 மில்லியனுக்கு எடுத்ததையே இங்கே பெரிய விசேஷமாகப் பேசுகிறோம். பணக்கார லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கோப்பையை வென்றுவிட்டது. ஓர் அணி வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைப்பதுதான் இதற்குத் தீர்வா? பணம் இல்லாமல் ஜெயிக்கவே முடியாதா?

சென்ற ஆண்டு மைதானத்தில் எல்லோரும் 'அணியை விற்றுவிடு' என்று முதலாளி பாப் நட்டிங்கை நோக்கிக் கத்தினார்கள். நானும் கத்தினேன். ஒன்பது வயது மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். வெட்கமாகிவிட்டது. யோசித்தால், அது அவருடைய பணம். இது சின்ன ஊர், வருமானம் குறைவு. எங்கிருந்தோ வந்த எனக்குக் கேட்க என்ன உரிமை? மகள் இப்போது டாட்ஜர்ஸ் நட்சத்திரம் ஓதானியின் விசிறி. அந்த அணியின் பக்கம் போகிறேன் என்கிறாள். விடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஒரு பொதுக்காரியத்தில் ஏமாற்றப்படுகிறவன் எந்தக் கட்டத்தில் ஏமாற்றுகிறவனின் நியாயத்தைத் தானே பேசத் தொடங்குகிறான் என்று சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தின் இரண்டாம் பத்தி அதற்குச் சரியான உதாரணமாக வந்து சேர்ந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள்மேல் பிரியம் இருப்பதால்தான் சொல்கிறேன்.

உச்சவரம்பை விட்டுவிடுவோம். உரிமையாளர்களுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. அதன்பின் அவர்கள் அடித்துக்கொள்ளட்டும். அள்ளி இறைக்கிறவனின் கையைக் கட்டினால் இறுக மூடியிருக்கும் இன்னொரு கை தானாகத் திறந்துவிடாது. பணத்தால் வெற்றியை வாங்க முடியுமா என்பதும் அலுத்துப்போன கேள்வி. 2025இல் நியூயார்க் மெட்ஸ் அணி 300 மில்லியனுக்கு மேல் சம்பளம் கொடுத்தும் பிளேஆஃப் என்ற இறுதிக்கட்ட ஆட்டங்களுக்குக்கூட வரவில்லை. சின்ன ஊர் என்கிறீர்கள். அதே ஆண்டு 97 வெற்றிகளோடு எல்லா அணிகளுக்கும் மேலே நின்றது மில்வாக்கி நகரத்து அணி. அது பிட்ஸ்பர்க்கைவிடச் சின்ன சந்தை. இனிமேல் இந்தச் சாக்கை உங்கள் வாயால் சொல்லாதீர்கள். சொல்வதற்கு அணி நிர்வாகத்தில் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார்கள்.

நான் விடப்போவதில்லை என்றால் அது 'அது அவருடைய பணம்' என்ற வரியைத்தான்.

வீட்டில் ஏதாவது பழைய கடை ரசீது இருந்தால் எடுத்துப் பாருங்கள். அரிசிக்கும் துணிக்கும் உங்கள் மாநிலத்தில் வரி இல்லை. டிவியோ நாற்காலியோ வாங்கிய ரசீதாக இருக்கட்டும். விற்பனை வரி 7 சதவீதம் என்று இருக்கும். ஆறு மாநிலத்துக்கு. மிச்சமுள்ள ஒன்று உங்கள் ஊர் இருக்கும் அலகெனி கவுண்டிக்கு, அதாவது மாவட்டத்துக்கு. அந்த ஒன்றில் பாதி நூலகம், பூங்கா, அருங்காட்சியகம் என்று போகிறது. விளையாட்டு அரங்கங்களுக்கும் போகிறது. 1997இல் புது அரங்கங்களுக்காக வரியை உயர்த்தலாமா என்று சுற்றியுள்ள 11 கவுண்டி மக்களிடம் வாக்கெடுத்தார்கள். மக்கள் தெளிவாக 'வேண்டாம்' என்றார்கள். உடனே இரண்டாவது திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, ஏற்கெனவே வசூலாகும் அந்த வரியிலிருந்தும் மாநில நிதியிலிருந்தும் பணத்தை எடுத்தார்கள். 2001இல் பி.என்.சி. பார்க் திறந்தது. ஆற்றங்கரையில், கிளெமென்டே பாலத்துக்கு எதிரில், அமெரிக்காவின் மிக அழகான பேஸ்பால் அரங்கம் என்று எல்லோரும் சொல்லும் அந்த இடத்தின் செலவில் பெரும்பகுதி ஊர்ப்பணம். வேண்டாம் என்று சொன்ன ஊரின் பணம்.

இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு அணியும் தன் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுக்கணக்கில் போட, அது முப்பது அணிகளுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. நியூயார்க்கில் விற்கும் டிக்கெட்டில் பிட்ஸ்பர்க்குக்கும் பங்கு உண்டு. அந்தப் பணத்தை அணியை வலுப்படுத்தச் செலவிட வேண்டும் என்பது விதி. அப்படிச் செலவிடவில்லை என்று 2018இல் வீரர்கள் சங்கம் நான்கு அணிகள்மீது புகார் கொடுத்தது. அதில் ஒன்று உங்கள் அணி. அதே ஆண்டு ஜனவரியில்தான் அணியின் நட்சத்திரங்களான கெரிட் கோலையும் ஆண்ட்ரூ மெக்கட்சனையும் இரண்டு நாள் இடைவெளியில் வேறு அணிகளுக்குக் கைமாற்றினார்கள். பால்பிடிக்கும் பருவத்திலேயே பயிரை விற்றுவிடும் விவசாயியை ஊர் என்ன சொல்லுமோ அதைத்தான் அன்று பிட்ஸ்பர்க்கும் சொன்னது.

இப்போது பந்துவீச்சாளர் பால் ஸ்கீன்ஸ். அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2023 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். தோற்கும் அணிக்கு முன்வரிசையில் இடம் கிடைக்கும் என்பது அந்த விளையாட்டின் ஏற்பாடு. தோல்விக்கும் அங்கே கூலி உண்டு, கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படும் பயம் இல்லை. 2025இல் ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரி 1.97 ரன் மட்டும் கொடுத்து சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதை வென்றார். அவர் கணக்கில் வெற்றி 10, தோல்வி 10. அவர் வீசிய நாளில்கூட நாலு ரன் அடித்துக் கொடுக்க ஆளில்லை. அணி அந்த ஆண்டு அவருக்குக் கொடுத்த சம்பளம் ஒரு மில்லியன் டாலரை எட்டவில்லை. ஆறு ஆண்டு சேவை முடியும்வரை ஒரு வீரர் தன் விருப்பப்படி வேறு அணிக்குப் போக முடியாது. ஸ்கீன்ஸுக்கு அது 2029 சீசனோடு முடியும். அதற்குள் அவரைச் சுற்றி ஓர் அணியைக் கட்டு என்று கேட்பது பேராசையா?

நீங்கள் தனி ஆள் ஒருவரின் பணப்பைக்குள் கையை விடவில்லை. உங்கள் வரி, உங்கள் டிக்கெட், மற்ற ஊர் ரசிகனின் டிக்கெட், ஸ்கீன்ஸ் என்ற இளம் பையனின் தோள்வலு எல்லாம் சேர்ந்த பணத்துக்குக் கணக்கு கேட்கிறீர்கள். 2007 முதல் அணியின் பொறுப்பில் இருக்கும் நட்டிங்குக்குத் தன் கணக்கைச் சொல்லத் தெரியும். அவருக்காக நீங்கள் உட்கார்ந்து செலவைக் கழிக்கவும் வருமானத்தைக் குறைக்கவும் வேண்டியதில்லை.

நான் பிட்ஸ்பர்க் வந்தபோது ஓக்லாந்து பகுதியில் ஒரு பழைய செங்கல் சுவரைக் காட்ட நண்பர் கூட்டிப்போனார். இடிக்கப்பட்ட ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் மைதானத்தின் எல்லைச்சுவர். அன்று அக்டோபர் 13. மடக்கு நாற்காலிகளோடு கூட்டம் உட்கார்ந்திருந்தது, பெரும்பாலும் வயதானவர்கள். 1960இல் அதே நாளில் நடந்த உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தின் வானொலி வர்ணனையை முழுவதுமாக ஒலிபரப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தொடரில் நியூயார்க் யாங்கீஸ் மொத்தம் 55 ரன் எடுத்தது, பைரேட்ஸ் 27. தோற்ற ஆட்டங்களில் 16-3, 12-0, 10-0 என்று உதை வாங்கியும் தொடரை ஏழாவது ஆட்டம்வரை இழுத்து வந்திருந்தார்கள். கடைசி இன்னிங்ஸில் 9-9. ஃபீல்டிங்குக்காகப் பேர்போன பில் மேஸரோஸ்கி மட்டையோடு வருகிறார். முடிவு எல்லோருக்கும் தெரியும், அறுபது சொச்சம் ஆண்டுகளாகத் தெரியும். ஆனாலும் என் பக்கத்தில் இருந்த பெரியவர் இரண்டு கைகளையும் கோர்த்து முட்டிக்கு நடுவே இறுக்கி வைத்திருந்தார். மேஸரோஸ்கி அடித்த பந்து சுவரைத் தாண்டிப் போய் பைரேட்ஸ் ஜெயித்ததும் எழுந்து நின்று முன்பின் தெரியாத என் தோளைப் பிடித்து உலுக்கினார். எனக்கு அப்போது பேஸ்பாலின் அரிச்சுவடிகூடத் தெரியாது.

1993 முதல் 2012 வரை தொடர்ந்து இருபது சீசன் இந்த அணி தோல்விக் கணக்கோடு முடிந்திருக்கிறது. அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டுகள் எதிலும் இப்படி நடந்ததில்லை. அந்த இருபது ஆண்டும் அணியைக் காப்பாற்றியது அந்தப் பெரியவரைப் போன்றவர்கள்தான். அவர்களுக்கு அணி என்ன மரியாதை செய்தது? பி.என்.சி. பார்க்குக்காக ரசிகர்கள் பணம் கட்டித் தங்கள் வீட்டார் பெயரைப் பொறித்துப் பதித்த செங்கற்கள் 2025இல் ஒரு மறுசுழற்சிக் கிடங்கில் குவிந்து கிடந்தன. செத்துப்போன அப்பாவின் பெயர், கல்யாண நாள், எல்லாம் உடைசலில். கற்கள் தேய்ந்துவிட்டன, பெயர்களை வேறு விதத்தில் வைப்போம் என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். அதே வாரங்களில்தான் வலப்பக்கச் சுவரில், அணியின் பழைய நட்சத்திரம் ராபர்டோ கிளெமென்டேயின் 21ஆம் எண் இருந்த இடத்தில் மதுபான விளம்பரத்தை ஒட்டினார்கள். நிலநடுக்கத்தில் தவித்த நிகராகுவாவுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோகும் வழியில் விமானம் விழுந்து 1972 டிசம்பர் 31 அன்று செத்த மனிதரின் எண்! ஊர் கொதித்த பிறகு மன்னிப்புக் கேட்டு எண்ணைத் திரும்ப வைத்தார்கள். கத்தியதால் வந்தது, எஸ். யாரும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் வந்திருக்காது.

வெளியிலிருந்து வந்தவனுக்கு என்ன உரிமை என்கிறீர்கள். இதைப் படித்தபோது உண்மையாகவே கோபம் வந்தது. கிளெமென்டே போர்ட்டோ ரீக்கோவிலிருந்து வந்தவர். பென் ஹில்ஸ் மேட்டில் 1970களில் வேங்கடேஸ்வரர் கோயிலை எழுப்பியவர்களும் வந்தவர்கள்தான். அவர்கள் யாரிடமும் போய் எங்களுக்கு உரிமை உண்டா என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. நீங்கள் அந்த ஊரில் வரி கட்டுகிறீர்கள், பிள்ளை வளர்க்கிறீர்கள், அணி தோற்றால் சாப்பிடாமல் படுக்கிறீர்கள். இதற்குமேல் என்ன பத்திரம் வேண்டும்?

ஓ'ஹெர்ன் வந்ததற்குச் சந்தோஷப்படுங்கள், தப்பில்லை. ஆனால் அதையே தானமாக வாங்கிக்கொண்டு கும்பிடாதீர்கள். ஷ்வார்பருக்கென்று எடுத்து வைத்ததாகச் சொன்ன 125 மில்லியன் இப்போது எங்கே என்று சீசன் தொடங்கும் நாளில் கேளுங்கள், ஜூலையில் கேளுங்கள், டிக்கெட் புதுப்பிக்கச் சொல்லி போன் வரும்போதும் கேளுங்கள்.

மகளுக்கு ஓதானி சட்டையை வாங்கிக் கொடுங்கள். ஒன்பது வயதில் யாரைப் பிடிக்கிறதோ அவரைப் பிடிக்கட்டும். ஸ்கீன்ஸ் வீசும் நாளில் மட்டும் அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அன்றைக்கும் அந்தக் கோஷம் எழுந்தால் நீங்களும் கத்துங்கள். அவள் ஏன் என்று கேட்டால் அந்த ரசீதைக் காட்டி விளக்குங்கள். நன்றாகவே புரிந்துகொள்வாள்.

அன்புடன்.