கை வீக்கத்துக்கு நெஞ்சில் பலூன் எதற்கு?

கேள்வி: என் தந்தைக்கு மூன்று ஆண்டுகளாக டயாலிசிஸ் நடக்கிறது. இரண்டு மாதங்களாக, ஃபிஸ்டுலா உள்ள இடக்கை தோள்வரை வீங்கியிருக்கிறது. ஊசியை எடுத்த பிறகு இரத்தம் நிற்கவும் நேரமாகிறது. நெஞ்சுக்குள் நரம்பு சுருங்கிவிட்டதாகவும், பலூன் வைத்து விரிக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். கை வீக்கத்துக்கு நெஞ்சில் ஏன் சிகிச்சை?
— வாசகர், உசிலம்பட்டி

பதில்: இரத்தக் குழாயையும் நரம்பு என்று சொல்வது நம் பக்கத்து வழக்கம், மருத்துவர் குறிப்பிட்டது சிரையை, அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுசெல்லும் குழாயை. டயாலிசிஸ் ஊசி போடுவதற்கான ஃபிஸ்டுலாவில், இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் தமனி நேராகச் சிரையோடு இணைக்கப்பட்டிருப்பதால், அந்தக் கையில் வழக்கத்தைவிடப் பன்மடங்கு இரத்தம் பாய்கிறது. அவ்வளவும் காறை எலும்பின் கீழுள்ள சிரை வழியாக நெஞ்சுக்குள் புகுந்து, மேற்பெருஞ்சிரை மூலம் இதயத்தை அடைய வேண்டும். வாய்க்கால் நிறையத் தண்ணீர் வரும்போது கலுங்கு அடைபட்ட கண்மாயின் நிலைதான் இப்போது அந்தக் கைக்கு.

பெரும்பாலும் இதற்குக் காரணம், ஃபிஸ்டுலா தயாராகும்வரை கழுத்திலோ தோளிலோ வைத்திருந்த கதீட்டர், அதாவது சிரைக்குள் செருகிய டயாலிசிஸ் குழாய். அது உரசிய இடத்தில் சிரையின் சுவர் தடித்துப்போகிறது. தோள் பக்கம் வைத்தால் இந்த ஆபத்து கூடுதல். பேஸ்மேக்கர் கம்பியாலும் இப்படி நேரலாம்.

நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. மரத்துப்போகும் ஊசி போட்டு, ஃபிஸ்டுலா வழியாகவோ தொடைச் சிரை வழியாகவோ மெல்லிய கம்பியைச் செலுத்தி, சாயம் ஏற்றி எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே, சுருங்கிய இடத்தில் பலூனை விரிப்பார்கள். வீக்கம் சில நாட்களில் வடியத் தொடங்கும். ஃபிஸ்டுலாவையும் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஆனால் ஒருமுறை விரித்தால் தீர்ந்தது என்று எண்ண வேண்டாம்: பலருக்கு ஓராண்டுக்குள்ளேயே அதே இடம் மீண்டும் சுருங்கி, மறுபடியும் பலூன் தேவைப்படுகிறது. விரித்தவுடனேயே சிரை பழையபடி சுருங்கினாலோ, மூன்று மாதங்களுக்குள் அடைப்பு திரும்பினாலோதான் ஸ்டென்ட் (சிரையை விரித்தபடி தாங்கி நிற்கும் வலைக்குழாய்) பற்றி யோசிப்பது வழக்கம். அது கழுத்துச் சிரையின் வாயை மறைத்துவிட்டால் பிற்காலத்தில் கதீட்டர் வைக்க வழி குறையும் என்பதால், முதல் தடவையே ஸ்டென்ட் என்றால் ஏன் என்று கேளுங்கள். தொந்தரவே இல்லாத சுருக்கத்தை விரிக்காமல் விடுவதே நல்லது; உங்கள் தந்தையின் நிலை அதுவன்று.

முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். செலவுக்கு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையுடன் பெரியாஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் முதலில் விசாரியுங்கள். முன்பு கதீட்டர் எந்தப் பக்கம், எத்தனை நாள் இருந்தது என்ற விவரத்தையும் பழைய டிஸ்சார்ஜ் சீட்டுகளிலிருந்து எழுதி எடுத்துச் செல்லுங்கள்.