பன்னிரண்டாயிரம் கேட்கும் ஏஜென்டும் நூறு ரூபாய் பதிவும்

கேள்வி: திண்டுக்கல் அருகே ஒரு ஊர். நான் வேலை பார்த்த ஸ்பின்னிங் மில் மூடி ஏழு மாதமாகிறது. பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, குழந்தைகளுக்கான சத்துமாவு மூன்றையும் வீட்டில் செய்து விற்கலாம் என்று இருக்கிறேன். தெரிந்தவர் மூலம் ஒரு ஏஜென்ட் வந்தார். ஃபுட் லைசென்ஸ், உத்யம், ஜி.எஸ்.டி, ஐ.எஸ்.ஓ எல்லாம் எடுத்து, 35 சதவீத மானியத்தில் கடனும் வாங்கித் தருகிறேன், 12,000 ரூபாய் ஆகும் என்கிறார். லைசென்ஸ் இல்லாமல் விற்றால் ஐந்து லட்சம் அபராதம், ஆறு மாதம் ஜெயில் என்றும் சொன்னார். பயமாக இருக்கிறது. தோடு ஒன்றை அடகு வைத்துக் கொடுத்துவிடலாமா? சத்துமாவுக்கு அவர் சொன்னபடி குழந்தை படம் போட்டு 500 ஸ்டிக்கர் அடித்து வைத்திருக்கிறேன்.

பதில்: தோடு காதிலேயே இருக்கட்டும்.

முதலில் அந்த ஜெயில் கதை. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 63-வது பிரிவு என்று ஒன்று உண்டு. உங்கள் ஏஜென்ட் சொன்ன ஆறு மாதமும் ஐந்து லட்சமும் அதில் இருந்தவைதான். ஆனால் அதே பிரிவுக்குள்ளேயே, 31(2)-இன் கீழ் லைசென்ஸிலிருந்து விலக்குப் பெற்ற சிறு தயாரிப்பாளர்களுக்கு இது பொருந்தாது என்று அடைப்புக்குறி போட்டு எழுதியிருக்கிறது. நீங்கள் அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கிறீர்கள். அதை மட்டும் ஏஜென்ட்கள் யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. அதற்காகப் பதிவே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பதிவு கட்டாயம் வேண்டும். வருட விற்பனை 12 லட்சத்துக்குள் இருக்கும் வீட்டுத் தொழிலுக்கு லைசென்ஸ் தேவையில்லை, 'பதிவு' போதும் என்பதுதான் விஷயம். விற்பனை என்றால் லாபம் இல்லை, மொத்தமாகக் கைக்கு வரும் பணம். பதிவுக் கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். ஆமாம், நூறுதான்.

ஃபாஸ்காஸ் என்ற அரசு இணையதளத்தில் உங்கள் போனிலிருந்தே போடலாம். ஆதார், ஒரு போட்டோ, என்ன பொருள் செய்கிறீர்கள், எந்த முகவரியில் என்ற விவரம், அவ்வளவுதான். கைவராவிட்டால் இ-சேவை மையத்திலோ கல்லூரிக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடமோ உட்கார்ந்து போடுங்கள். ஏழு நாளில் பதிவு கொடுக்க வேண்டும், இல்லை காரணம் சொல்லி மறுக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் நேரில் பார்க்க வருவதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது விதி. நடப்பது என்னவென்றால், மூன்றாவது பக்கம் போனதும் தளம் தானாக வெளியே தள்ளிவிடும், இல்லாவிட்டால் ஏதோ ஒரு விளக்கம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நிற்கும். பத்தாவது படித்த ஒரு பெண் பொடி இடித்து விற்பதற்கு இத்தனை ஆங்கிலம் எதற்கு என்று நானும் பல வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த இடத்தில் சலித்துப் போய்த்தான் நம் பெண்கள் புரோக்கரிடம் போகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஒன்று, மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்க வேண்டும். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. ஏஜென்ட் தன் எண்ணைப் போட்டுவிடுவார், 'ஓ.டி.பி வந்து தொந்தரவு பண்ணும், நான் பார்த்துக்கிறேன்' என்பார். அப்புறம் துறை ஏதாவது கேட்டாலும் அவருக்குத்தான் போகும், உள்ளே நுழைய பாஸ்வேர்டும் அவரிடம், முகவரி மாற்றக்கூட மறுபடி மூவாயிரம் நாலாயிரம். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு அம்மா இரண்டு வருடம் முறுக்குப் பாக்கெட்டில் ஒரு எண்ணை அச்சடித்து விற்றார். தளத்தில் போட்டுத் தேடினால் அது வேறு மாவட்டத்தில் இருக்கும் ஒரு டீக்கடையின் எண். பிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழ் கம்ப்யூட்டரில் பெயர் மாற்றிய தாள். எண் 14 இலக்கம் இருக்கும், பதிவு என்றால் 2-இல் தொடங்கும், லைசென்ஸ் என்றால் 1-இல். கையில் கிடைத்ததும் அதே தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள்.

உத்யம் என்பது சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு, 2020 ஜூலையிலிருந்து இருக்கிறது, முழுக்க இலவசம். கூகுளில் தேடினால் மேலே வருகிற முதல் இரண்டு மூன்று தளங்கள் அசோகச் சக்கரம் மாதிரி ஏதோ படம் போட்டுப் பணம் கேட்கும், அவை எல்லாம் தனியார். முகவரி ஜி.ஓ.வி டாட் இன் என்று முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்கும் உங்களுக்கு வருடம் 40 லட்சம் தாண்டும்வரை ஜி.எஸ்.டி தேவையில்லை. ஐ.எஸ்.ஓ என்ற தரச் சான்றிதழ் உங்களுக்கு எதற்கு என்று எனக்கே புரியவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

கடனுக்கு வருவோம். அந்த 35 சதவீதம் கற்பனை அல்ல. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கிராமப்புறப் பெண்களுக்கு அந்த அளவு மானியம் உண்டு. ஆனால் அது உங்கள் கைக்கு வராது. வங்கியில் உங்கள் கடனுக்கு எதிராக மூன்று வருடம் வைப்பில் கிடக்கும், தொழில் ஓடுகிறது என்று நேரில் பார்த்த பிறகே கடனில் கழியும். ஏஜென்ட் இந்த மூன்று வருடத்தைச் சொல்லமாட்டார், 'ஒரு லட்சம் வாங்கினால் 65,000 கட்டினால் போதும்' என்பார். விண்ணப்பம் நேராக மாவட்டத் தொழில் மையம் வழியாகவே போடலாம், அதற்கு இடைத்தரகர் யாரையும் அரசு நியமிக்கவில்லை. கடன் கொடுப்பதா வேண்டாமா என்பது கிளை மேலாளர் கையில், அவர் 'அடுத்த வாரம் வாங்க' என்று எத்தனை வாரம் சொல்வார் என்பது யாருக்கும் தெரியாது. என்னைக் கேட்டால் உங்களுக்கு இப்போது கடனே வேண்டாம். வாணலி இருக்கிறது, மிக்ஸி இருக்கும், கவர் ஒட்டும் சீலிங் மெஷின் ஒன்றும் ஒரு எடை மெஷினும் போதும். ஆறு மாதம் விற்றுப் பார்த்து, மிக்ஸி தாங்கவில்லை என்ற நிலை வந்தால் முத்ரா கடனில் முதல் படியான சிசு, 50,000 வரை, சொத்து அடமானம் இல்லாமல் கேட்கலாம்.

இப்போது சத்துமாவு. உங்கள் கடிதத்தில் என்னை நிஜமாகவே கவலைப்பட வைத்தது ஏஜென்ட் அல்ல, இதுதான். பொடி வேறு, இது வேறு. ஆறு மாதம் முடிந்து இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு, தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுக்க என்று விற்கும் எதுவும் 1992-ஆம் ஆண்டு குழந்தை உணவுச் சட்டத்துக்குள் வருகிறது. 2003 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு விளம்பரமே கூடாது. டப்பாவில் குழந்தை படமும் கூடாது, தாய் படமும் கூடாது. பெரிய கம்பெனிகளுக்குத்தானே என்று கேட்பீர்கள். சட்டத்தில் 'எந்த நபரும்' என்றுதான் இருக்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'ஆறு மாசத்துலயிருந்து குடுக்கலாம்' என்று நீங்கள் போடுவதும் விளம்பரம்தான். அதோடு அந்த வயதுக்கான உணவின் தரம், பரிசோதனை எல்லாம் வேறு உயரம், வீட்டு அடுப்படியில் எட்டாது. எட்டு மாதக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மாவில் கோளாறா தண்ணீரில் கோளாறா என்று யாரும் ஆராயமாட்டார்கள், உங்கள் வாசலில்தான் வந்து நிற்பார்கள். அதே மாவை 'சத்துமாவு' என்று வீட்டில் பெரியவர்கள் குடிக்கும் கஞ்சிக்காக விற்றால் இந்தச் சட்டம் குறுக்கே வராது. சர்க்கரை குணமாகும், மூட்டுவலி போகும் என்றும் எழுதாதீர்கள், நோயைக் குணப்படுத்தும் என்று எந்த உணவுக்கும் சொல்லக்கூடாது. வேர்க்கடலை, முந்திரி, கோதுமை சேர்த்தால் அதை லேபிளில் தெளிவாகப் போடுங்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

பொடி பற்றி ஒன்றே ஒன்று. கறிவேப்பிலையை நிழலில் கையில் நொறுங்கும் அளவுக்குக் காயவிட்டு வறுங்கள். வறுத்ததை அகலத் தட்டில் பரப்பி முழுக்க ஆறவிட்டு அரையுங்கள், அரைத்தபின் மறுபடி ஆறவிடுங்கள், மிக்ஸி சூடே போதும் பொடியைக் கெடுக்க. இளஞ்சூட்டோடு கவரில் போட்டு ஒட்டினால் உள்பக்கம் பனி மாதிரி வேர்க்கும், பத்து நாளில் கட்டி தட்டும், அப்புறம் பூசணம். முதல் முறை செய்ததில் நான்கு பாக்கெட்டை விற்காமல் சமையலறை அலமாரியில் வைத்து, வாரம் ஒன்றாகப் பிரித்து முகர்ந்து பாருங்கள். எத்தனை நாள் தாங்கும் என்று லேபிளில் எழுதும் தேதி அதிலிருந்து வர வேண்டும். பக்கத்துக் கடைப் பாக்கெட்டைப் பார்த்து ஆறு மாதம் என்று போடக்கூடாது.

ஸ்டிக்கர் 500-ஐயும் ஒட்டாதீர்கள். அதில் பதிவு எண்ணும் இருக்காது, இன்னும் வாங்கவே இல்லையே. எண் வந்தபிறகு நூறு மட்டும் அடியுங்கள், குழந்தை இல்லாமல்.