கால்வாய்க்கு எந்தப் பக்கம் குடியிருப்பது?

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஈரோட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கிளையில் பணிபுரிகிறேன். வரும் ஜூன் முதல் சிறுசேரி சிப்காட்டில் உள்ள அலுவலகத்துக்கு என்னை மாற்றியிருக்கிறார்கள். மனைவி, இரண்டாம் வகுப்புக்குப் போகவிருக்கும் மகள், ஆஸ்துமா உள்ள அம்மா ஆகியோருடன் குடிவர வேண்டும். வாடகைக்கு மாதம் பதினெட்டாயிரம் ரூபாய் வரைதான் ஒதுக்க முடியும். பிறந்ததிலிருந்து கடல் இல்லாத ஊரிலேயே இருந்துவிட்டதால், இந்த முறை கடற்கரைக்கு அருகில் வீடு பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கானாத்தூரில் ஒரு வீடு கட்டுபடியாகிற வாடகைக்குக் கிடைக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் அலுவலகத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. வடசென்னையில் திருவொற்றியூர்ப் பக்கம் இதைவிட மலிவு என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். கானாத்தூர் வீட்டுக்காரர் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார். பின்னால் அங்கேயே ஒரு மனை வாங்கிப் போடலாமா என்றும் யோசிக்கிறோம். முதல் ஒரு மாதம் தங்குவதற்கு நிறுவனமே எனக்கு இடம் தருகிறது. தங்கள் ஆலோசனையை எதிர்பார்க்கிறேன்.

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

கானாத்தூர் வீட்டை இப்போதைக்கு முடித்துவிட வேண்டாம். அது உங்கள் அலுவலகத்துக்கு நேர் எதிரே இருப்பது உண்மைதான். முட்டுக்காட்டுப் படகுத்துறையில் நின்றால் மேற்கே பழைய மாமல்லபுரம் சாலையோரத்து உயர்ந்த அடுக்குமாடிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் நடுவே உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும் கிடக்கின்றன. படகில் போகிறவருக்குத்தான் அது நேர்வழி. சாலையில் போகிறவர் தெற்கே கோவளம் வரை போய், அங்கிருந்து கேளம்பாக்கத்துக்குத் திரும்பி, பிறகு மறுபடி வடக்கே ஏறி சிறுசேரிக்கு வர வேண்டும்; அல்லது வடக்கே அக்கரை என்னும் ஊர் வரை போய், சோழிங்கநல்லூர் சந்திப்பைக் கடந்து, பழைய மாமல்லபுரம் சாலையின் நெரிசலில் தெற்கே இறங்க வேண்டும். வடக்கு வழியில் போனால் காருக்கு உத்தண்டியில் சுங்கமும் உண்டு. தினமும் இருமுறை இந்தச் சுற்று என்றால், வாடகையில் மிச்சம் பிடித்தது பெட்ரோலுக்கும் அலுப்புக்கும் போய்விடும்.

தென்சென்னைக் கடலோரத்தில் வீடு தேடும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்தக் கால்வாயைத்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையும் பழைய மாமல்லபுரம் சாலையும் திருவான்மியூரிலிருந்து தெற்கே ஏறத்தாழ இணையாகவே ஓடுவதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எங்கு வேண்டுமானாலும் குறுக்கே போய்விடலாம் என்று தோன்றும். கால்வாயைக் கடக்கும் பாலங்கள் குறைவு. தெற்கே போகப்போக இன்னும் குறைவு. அக்கரை–சோழிங்கநல்லூர் இணைப்புச் சாலையை விட்டால், அடுத்து நம்பத்தகுந்த பெரிய இணைப்பு கோவளம்–கேளம்பாக்கம் சாலைதான். தாது வருடப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, பசித்தவர்களுக்குக் கூலி கொடுப்பதற்காக நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டிய பகுதியும், நீங்கள் வரைபடத்தில் காணும் பகுதியும் ஒரே கால்வாயைச் சேர்ந்தவை. ஒரு காலத்தில் உப்பும் விறகும் சுமந்த படகுகள் அதில் ஓடின. இன்று அது இரு கரைகளையும் பிரித்து வைப்பதற்கு மட்டுமே பயன்படுகிறது என்று எனக்குச் சில நேரம் தோன்றுவதுண்டு. ஆகவே முதலில் அலுவலகத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு அருகில் உள்ள பாலம் எது என்று பாருங்கள். வீட்டை அந்தப் பாலத்தை ஒட்டித் தேடுங்கள்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது தண்ணீர். கடலுக்கு அருகில் போனால் தண்ணீர் உப்பாகத்தான் இருக்கும் என்று கொங்கு நாட்டிலிருந்து வருகிறவர்கள் நினைப்பது இயல்பு. இங்கு நிலைமை கொஞ்சம் விசித்திரமானது. திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு வரை கடலுக்கும் கால்வாய்க்கும் இடையே உள்ள நிலம் மணற்பாங்கானது. மழைநீர் அந்த மணலில் இறங்கி, அடியில் உள்ள உப்புநீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. மீனவக் குப்பங்களில் அலைக்குச் சற்றுத் தள்ளி ஆழமில்லாமல் தோண்டிய கிணறுகளிலேயே குடிக்கத்தக்க நீர் ஊறியதற்குக் காரணம் இதுதான். நகரத்துக்கே இந்த மணற்பரப்பிலிருந்து குடிநீர் எடுத்த காலமும் உண்டு. ஆழ்துளைக் கிணறு போட்டு அளவுக்கு மீறி உறிஞ்சினால் அந்த நன்னீர் மெலிந்து, கீழிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். இதனால் ஒரே தெருவில் ஒரு வீட்டில் நல்ல தண்ணீரும், நான்கு வீடு தள்ளி வாயில் வைக்க முடியாத தண்ணீரும் இருக்கும். ஊர்ப் பெயரைக் கேட்டு முடிவு செய்ய முடியாது, வீடு வீடாகத்தான் பார்க்க வேண்டும்.

பார்க்கப் போகும்போது வீட்டுக்காரரின் வாய்ச்சொல்லை மட்டும் கேட்டுக்கொள்ளாமல் குளியலறைக்குள் போய்க் குழாயின் கழுத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பொரிந்து காரை கட்டியிருந்தால், குழாய்த் திருகு பச்சை பூத்திருந்தால், தண்ணீர் உப்பு என்று பொருள். கையில் சோப்பு தேய்த்து நுரை வருகிறதா என்று பாருங்கள். போர்வெல் எத்தனை அடி, சம்ப் எத்தனை லிட்டர், கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா, வாங்கினால் அந்தச் செலவை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்பதைக் காவலாளியிடமோ கீழ்வீட்டுக்காரரிடமோ கேளுங்கள். உத்தண்டியோடு சென்னை மாநகராட்சியின் எல்லை முடிந்துவிடுகிறது. கானாத்தூர், கோவளம், கேளம்பாக்கம் ஆகியவை செங்கல்பட்டு மாவட்டத்தில், மாநகராட்சிக்கு வெளியே உள்ளவை. அங்கெல்லாம் சொந்தக் கிணறு, உள்ளூர்க் குழாய், லாரி இவற்றை நம்பித்தான் இருக்க வேண்டும். பழைய மாமல்லபுரம் சாலையின் பெரிய அடுக்குமாடிகள் பலவும் லாரியை நம்பியே இருப்பவை. 2019 கோடையில் நகரமே தண்ணீருக்குத் தவித்தபோது அங்கே குடியிருந்தவர்கள் பட்ட பாடு செய்தித்தாள் படித்த அனைவருக்கும் நினைவிருக்கும். மெயின்டனன்ஸ் தொகைக்குள் லாரித் தண்ணீர் அடங்குமா, தனியா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் ஜூனில் வருகிறீர்கள். தண்ணீர் எப்படி என்று தெரிந்துகொள்ள அது நல்ல மாதம். வெள்ளத்தைப் பற்றி அப்போது எதுவும் தெரியாது. வடகிழக்குப் பருவமழையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் நீர் ஒக்கியம் மடுவு என்னும் நீரோடை வழியாகக் கால்வாயில் இறங்கி, முட்டுக்காடு முகத்துவாரத்தின் வழியே கடலுக்குப் போகிறது. கடல் உள்வாங்காத நேரங்களில் அது போக்கிடமின்றித் தேங்கும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் கால்வாயின் மேற்குக் கரையிலுள்ள தாழ்வான குடியிருப்புகள் பல நாட்கள் நீரில் கிடந்தன. கிழக்குக் கடற்கரைச் சாலையோ மணல் மேட்டின் மேல் ஓடுவதால் சாலையை ஒட்டிய தெருக்களில் நீர் விரைவில் வடிந்துவிடும். அங்கிருந்து மேற்கே கால்வாயை நோக்கி இறங்க இறங்க வாடகையும் குறையும், தரையும் தாழும். மதில் சுவரில் பழைய நீர்க்கோடு தெரிகிறதா, தெருவில் எல்லா வீடுகளின் வாசற்படியும் ஏன் இவ்வளவு உயரம் என்று கவனித்துக்கொண்டே நடங்கள்.

உப்புக்காற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. கடலிலிருந்து முதல் சில தெருக்களில் ஏ.சி.யின் வெளிப்பெட்டி, ஜன்னல் கம்பி, பைக்கின் சைலன்சர் எல்லாம் மற்ற இடங்களைவிடச் சீக்கிரம் துருவேறும். ஆண்டுக்கு ஒரு செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகல் கடற்காற்று இதற்கெல்லாம் ஈடு செய்துவிடும் என்பது என் கட்சி. அம்மாவுக்கு இந்த ஈரப்பதம் ஒத்துக்கொள்ளுமா என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அம்மாவை வைத்துப் பார்த்தால் திருவொற்றியூர் உங்களுக்கு வேண்டாம். உங்கள் நண்பர் சொல்வதில் பிழையில்லை. வாடகை குறைவு, புறநகர் ரயில் உண்டு, 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோவும் வந்துவிட்டது. வேலை பாரிமுனையிலோ துறைமுகத்திலோ இருந்திருந்தால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். தென்சென்னைக்காரர்களுக்கு வடசென்னை மீது இருக்கும் அசட்டை எனக்கு உடன்பாடானதல்ல. ஆனால் சிறுசேரி நகரின் மறுகோடியில் இருக்கிறது. மூச்சுத் தொல்லை உள்ளவரை மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளின் காற்றுப் போகும் பக்கம் அழைத்துப் போவதும் சரியல்ல. 2023 டிசம்பரில் ஒரே மாதத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதையும், பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடியதையும் நினைத்துப் பாருங்கள். சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பின் வடக்கு நோக்கி நகரும் மணல் தடைபட்டதால் மெரினா அகன்றது, வடக்கே கரை அரிக்கப்பட்டது. பல இடங்களில் இன்று கருங்கல் அணைப்புத்தான் கடற்கரை. குழந்தை மணலில் விளையாட அங்கே இடம் தேட வேண்டும்.

என் யோசனை இது. கேளம்பாக்கத்தில், கோவளம் சாலை பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் வீடு பாருங்கள். அலுவலகம் அதே சாலையில், கால்வாயைக் கடக்காமலேயே போய்வரும் தூரத்தில் இருக்கும். அம்மாவுக்கு அவசரம் என்றால் செட்டிநாடு மருத்துவமனை அந்த ஊரிலேயே உள்ளது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை மெட்ரோ பாதை கட்டப்பட்டு வருவதால், அது முடிந்த பின் நகருக்குள் போய்வருவது உங்களுக்கு எளிதாகும்; வடக்கே நாவலூர்ப் பக்கம் இப்போதே அதைச் சொல்லி வாடகை கேட்பவர்கள் உண்டு, ஓடாத ரயிலுக்கு நீங்கள் பணம் கொடுக்காதீர்கள். கடல்? கேளம்பாக்கத்திலிருந்து உப்பளங்களுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே கிழக்கே போகும் சாலையில் சில கிலோமீட்டரில் கோவளம் வந்துவிடும். மாலையில் மகளை வண்டியில் வைத்துக் கூட்டிப்போய் வரலாம். கோவளத்திலேயே நல்ல தண்ணீருள்ள வீடு அமைந்தால் அதையும் எடுக்கலாம், கால்வாய்க்கு மறுபக்கம் என்றாலும் பாலத்துக்கு அருகில் இருக்கிறது. தர்காவும் மாதா கோயிலும் மீன் ஏலமும் உள்ள உயிர்ப்பான ஊர். கரையில் வலை காயும், படகு நிற்கும், விடியலுக்கு முன்பே சத்தம் தொடங்கிவிடும். அங்கே குடிபோகிறவர் அதைக் குறையாகச் சொல்லக் கூடாது.

நிறுவனம் தரும் அந்த ஒரு மாதத்தில் நீங்கள் மட்டும் முதலில் வாருங்கள். பார்த்த வீட்டிலிருந்து காலை எட்டரை மணிக்கு அலுவலகத்துக்கும், மாலை ஆறரைக்கு அங்கிருந்து வீட்டுக்கும் வேலை நாளில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுப் பிறகு பேசி முடியுங்கள். பள்ளியை மட்டும் அதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள், ஜூனில் இடம் கிடைப்பது சிரமம்.

பத்து மாத அட்வான்ஸ் சென்னையின் பழைய வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அந்த ‘ஒப்புக்கொண்டாலன்றி’யில்தான் வீட்டுக்காரர்கள் நுழைந்துகொள்கிறார்கள். மூன்றில் தொடங்கிப் பேசுங்கள்; ஐந்துக்கு மேல் போக வேண்டாம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். மின் இணைப்புக்குத் தனி மீட்டர் உண்டா என்றும் கேளுங்கள். இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது இணைப்புக்குத்தான், வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தானே வசூலித்தால் அந்தச் சலுகை உங்களுக்கு வராது.

மனை வாங்குவதைக் குறைந்தது இரண்டு மழைக்காலம் பார்க்கும்வரை தள்ளிப்போடுங்கள். கடலோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலும், உப்பங்கழியின் கரையோரங்களிலும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் பாயும். 1991-இல் வந்த அந்த அறிவிப்பு 2011-இலும் 2019-இலும் மாற்றி எழுதப்பட்டது. ஊராட்சிப் பகுதிகளில் அலைக்கு அருகே கட்டவே அனுமதி கிடைக்காத நிலங்கள் உண்டு. கானாத்தூரில் கடலுக்குப் பக்கத்தில் ஒரு மனை உங்கள் கைக்கு எட்டும் விலையில் வந்தால், அது எந்த மண்டலத்தில் விழுகிறது என்று மாவட்டத்தின் கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் பார்க்காமல் முன்தொகை கொடுத்துவிடாதீர்கள்.