சாம்பியன் குட்டி வாங்கும் முன்

அன்புள்ள ஐயா,

ஜெர்மன் ஷெப்பர்டு குட்டி வாங்க இருக்கிறோம். தாய், தகப்பன் இரண்டுமே கண்காட்சிச் சாம்பியன் என்கிறார் விற்பவர். ஜெர்மனியில் ஆளைக் கடித்துப் பிடிக்கும் சோதனையில் தேறாத நாய்க்குப் பெரிய பட்டம் கிடையாதாமே? வீட்டில் வளரும் நாய்க்கு அது எதற்கு? குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆபத்தில்லையா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

குழந்தைகள் உள்ள வீட்டுக்குத்தான் அந்தச் சோதனை அதிகம் தேவை. வீட்டு நாய்கள் பலவும் கடிப்பது பயத்தால். அந்தப் பயந்த சுபாவம் குட்டிகளுக்கும் இறங்கும்.

கண்காட்சியில் நடுவர் ஒரு நாயைப் பார்ப்பது சில நிமிடங்கள்: பல், முதுகு, கால் கோணம், நடை. பல கண்காட்சிகளுக்குப் போய்வந்த நாய்க்கு அந்த வளையம் வீட்டு முற்றம் மாதிரி. பக்கத்தில் தீனியோடு, நாயை நடத்திக் காட்டும் ஹேண்ட்லர் நிற்கிறார். உள்ளுக்குள் நடுங்குகிற நாயும் அங்கே நிமிர்ந்து நின்றுவிடும். அமெரிக்காவில் 15 புள்ளி சேர்த்தால் சாம்பியன். வேலைச் சோதனை எதுவும் வேண்டாம்.

ஜெர்மனியில் இந்த இனத்துக்கான சங்கமான எஸ்.வி. முதலில் பி.ஹெச். என்ற நன்னடத்தைத் தேர்வு வைக்கிறது. கூட்டத்துக்குள் நடக்க வேண்டும், சைக்கிள் உரசிப் போனாலும் பதறக்கூடாது, எசமானர் கண்ணில் படாதபோது கட்டிய இடத்தில் அமைதியாக இருக்க வேண்டும். அடுத்து ஏ.டி. என்ற ஓட்டத் தேர்வு: சைக்கிளோடு 20 கிலோமீட்டர், மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் வேகத்தில். இடையே ஓய்வின்போது பாதங்களைப் பார்ப்பார்கள். பின்னங்கால் அளவுக்கு மீறிச் சரிந்த நாய் எத்தனை அழகாக இருந்தாலும் இங்கே பின்தங்கும். பிறகு ஐ.ஜி.பி. என்ற வேலைத் தேர்வு, மூன்று பகுதிகள்: மோப்பம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு, ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண், 70 எடுத்தால்தான் தேர்ச்சி. கீழ்ப்படிதலின் நடுவே துப்பாக்கிச் சத்தம் எழும். அதில் மிரண்டு ஓடும் நாய் அதோடு வெளியேற வேண்டியதுதான்.

நீங்கள் அஞ்சும் கடி மூன்றாம் பகுதியில் வருகிறது. எதிராளியாக நடிக்கும் ஹெல்பர் கையில் மாட்டிய ஸ்லீவை, அதாவது தடித்த காப்புறையை, நாய் வாய் நிறையப் பிடிக்க வேண்டும். சொன்னதும் விட வேண்டும். கடிப்பதைப் போலவே விடுவதையும் கவனிக்கிறார்கள். ஹெல்பர் நெருக்கும்போது முன்பற்களால் மட்டும் கவ்வி, விட்டுவிட்டுப் பிடிக்கிற நாய்க்கு நரம்பு பலவீனம், அதாவது மன உறுதி போதாது. நாயைக் கடிக்கவிட மனமில்லாதவர்களுக்கு ஆடு மேய்க்கும் ஹெச்.ஜி.ஹெச். தேர்வும் உண்டு. இந்த இனத்தின் ஆதித் தொழிலே அதுதானே.

பட்டம் யாருக்குப் போகிறதோ அந்தப் பக்கம் இனமே சாயும். பட்டம் பெற்ற ஆணுக்குத்தான் ஊரெல்லாம் இணை தேடி வருவார்கள். 1899இல் எஸ்.வி.யைத் தொடங்கிய மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ், நாய்கள் உயரமாகிக்கொண்டே போவதைக் கண்டு, 1925இல் குட்டையும் நீளமுமான குளோடோ ஃபாம் பாக்ஸ்பெர்க் என்ற நாயை ஸீகர், அதாவது அந்த ஆண்டின் வெற்றி நாய், ஆக்கினார். அந்த ஒரு தேர்வே அடுத்த தலைமுறைகளின் உருவத்தை மாற்றியது.

ஆனால் சோதனை சடங்காகிவிடக்கூடாது. பழகிய திடல், பழகிய ஹெல்பர் என்றால் நாய்க்கு ஸ்லீவ் ஒரு பந்து. எதிரில் நிற்கும் ஆளை அது பார்ப்பதே இல்லை. அந்நியத் திடலில் அந்நிய ஹெல்பரிடம் தேறினால்தான் பட்டம் என்று விதி வேண்டும். பிரிட்டனின் ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். வேட்டைத் துணை நாய் அழகில் மட்டும் வென்றால் அது 'ஷோ சாம்பியன்'தான். வயலில் வேட்டைப் பறவையைச் சேதமின்றிக் கவ்வி வந்து, வெடிக்கும் அஞ்சாமல் தேறினால்தான் முழுச் 'சாம்பியன்'. வாங்குபவருக்குப் பெயரிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

விற்பவரிடம் சான்றிதழோடு பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரேயையும் கேளுங்கள். வேலைத் தேர்வு எழுதியிருந்தால் மதிப்பெண் தாளைக் கேளுங்கள்; எந்த ஊர்த் திடல், பாதுகாப்பில் எத்தனை என்று பாருங்கள். இல்லையென்றால் தாயை வேறொரு தெருவுக்கு நடத்திவரச் சொல்லுங்கள். பின்னால் ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போடுங்கள். திடுக்கிட்டாலும் பரவாயில்லை, சில நொடியில் திரும்பி வந்து தட்டை முகர்ந்தால் அந்த ஈற்றில் குட்டி எடுக்கலாம். வாலை ஒடுக்கி இழுத்துக்கொண்டு ஓடினால், எத்தனை கோப்பை இருந்தாலும் வேண்டாம்.